உங்களுக்குத் தெரியுமா? குடைமிளகாய்: காரம் இல்லை, சரக்கு இருக்கிறது!

விழுப்புரம், திண்டிவனம் காய்கறிக் கடைகளில் கத்தரிக்கும் வெண்டைக்கும் பக்கத்தில் குடைமிளகாய் இடம்பிடித்து வெகுநாளாகிவிட்டது. ஆனாலும் அள்ளிப் போகிறவர் பெரும்பாலும் ஃப்ரைடு ரைஸ் கடைக்காரர்தான். வீட்டுக்கு வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு அவரைக்காய்ப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த விலைக்கு அதில் அப்படி என்னதான் இருக்கிறது? எப்படிச் சமைத்தால் அந்தச் சத்து தட்டு வரை வந்து சேரும்? அதே சத்தை நம்மூரில் வேறு எதில் மலிவாக வாங்கலாம்? துண்டு துண்டாகப் பார்ப்போம்.

காயின் ஜாதகம்

★ பச்சையும் சிவப்பும் ஒரே ஆள்தான்
கடையில் பச்சையாக இருப்பது பழுக்காத குடைமிளகாய். அதையே பறிக்காமல் செடியில் இன்னும் இரண்டு, மூன்று வாரம் விட்டுவைத்தால், ரகத்தைப் பொறுத்துச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறும். அந்த வாரங்களுக்கான தண்ணீர், உரம், ஆள்கூலி எல்லாம் விவசாயி கையிலிருந்து போகிறது. இடையில் அழுகல் விழுந்தால் நட்டமும் அவருக்குத்தான். கலர் கேப்சிகம் பச்சையைவிட விலை கூடுதலாக விற்பதற்கு இது முக்கியக் காரணம்.

★ காரம் எங்கே போனது?
மிளகாய்க்கு உறைப்பைத் தருவது கேப்சைசின் என்ற பொருள். அதைத் தயாரிக்கத் தேவையான ஒரு மரபணு குடைமிளகாயில் பழுதுபட்டிருக்கிறது. அதன் ஒரு துண்டே காணாமல் போயிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். உறைப்பை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவுகோலில் குடைமிளகாய்க்கு மதிப்பெண் 0. அதற்காக உருண்டை மிளகாய் எல்லாமே சாது என்று நினைத்துவிட வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் குண்டு மிளகாயும் உருண்டைதான்; கடித்தவருக்குத் தெரியும்!

★ காரம் பிறப்பது விதையில் அல்ல
காரமான மிளகாயிலும் உறைப்பு உருவாகும் இடம் விதை அல்ல, விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டு. அதைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் விதையிலும் காரம் ஏறிக்கொள்கிறது. குடைமிளகாயின் விதையும் வெள்ளைப் பகுதியும் உடம்புக்குக் கெடுதல் செய்யாது. லேசான கசப்பு பிடிக்காதவர்கள் எடுத்துவிடலாம்.

★ ஆண் காய், பெண் காய்?
‘அடியில் 3 புடைப்பு இருந்தால் ஆண், 4 இருந்தால் பெண், பெண் காய் இனிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சுத்தப் புரளி. இந்தச் செடியின் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. காய்க்கு ஆண், பெண் கிடையாது. புடைப்பின் எண்ணிக்கையை முடிவு செய்வது ரகமும் வளர்ந்த சூழலும்தான்.

★ சொந்தபந்தம்
தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றும் குடைமிளகாய்க்குப் பங்காளிகள். பஜ்ஜி மிளகாய் அதைவிட நெருங்கிய உறவு.

★ கப்பலேறி வந்தது
மிளகாய் இனம் முழுவதற்கும் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492இல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது கடல் தாண்டியது. போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் குழம்புக்கு உறைப்பு கொடுத்துக்கொண்டிருந்தது மிளகு.

★ நம் நாட்டு ரகங்கள்
பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா மோகினி, அர்கா கௌரவ், அர்கா பசந்த் ஆகிய குடைமிளகாய் ரகங்களைத் தந்திருக்கிறது.

சத்துக் கணக்கு

★ எலுமிச்சையை முந்தும் காய்
வைட்டமின் சி என்றதும் எல்லாருக்கும் எலுமிச்சைதான் நினைவுக்கு வரும். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் இருப்பது 39 மி.கி. அதே 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் சுமார் 80 மி.கி. சிவப்பில் சுமார் 128 மி.கி. மஞ்சள் அதற்கும் மேலே போகும். எல்லாம் சமைக்காத காயின் கணக்கு.

★ ஒரு காய், ஒரு நாள்
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி. வைட்டமின் சி வேண்டும். பெண்ணுக்கு 65 மி.கி. நடுத்தரமான ஒரு பச்சைக் குடைமிளகாய் 120 கிராம் வரை இருக்கும். பச்சையாகச் சாப்பிட்டால் அந்த ஒரு காயிலேயே அன்றையத் தேவை முடிந்துவிடும்.

★ ஆட்டுக்கு வேண்டாம், நமக்கு வேண்டும்
செஞ்சி மலையடிவாரத்தில் மேயும் ஆட்டுக்கு வைட்டமின் சி பற்றிக் கவலையே இல்லை. அதன் ஈரல் தானே தயாரித்துக்கொள்ளும். மனிதர்களுக்கு அந்த வேலையைச் செய்யும் மரபணு செயலிழந்துவிட்டது. நீரில் கரையும் சத்து என்பதால் உடம்பில் பெரிதாகச் சேமித்து வைக்கவும் முடியாது. மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வாங்கித் தின்றுவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதில் பலனில்லை. கொஞ்சமாக இருந்தாலும் தினமும் வேண்டும்.

★ இரவுச் சாப்பாட்டிலிருந்து நோபல் வரை
வைட்டமின் சி-யின் கதையில் மிளகாய்க்குப் பெரிய பங்கு உண்டு. ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி அந்தப் பொருளை முதலில் விலங்குகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தார். கிடைத்ததோ சிட்டிகை அளவு. சோதனைகளுக்கு அது போதவில்லை. அவர் பணியாற்றிய செகெத் நகரமோ பாப்ரிகா மிளகாய்க்குப் பேர்போனது. ஒருநாள் இரவு மனைவி சாப்பாட்டில் மிளகாய் வைத்தாராம். சாப்பிட மனமில்லாமல் அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அன்றிரவே அது வைட்டமின் சி புதையல் என்று தெரிந்துவிட்டது. சில வாரங்களில் சிட்டிகைக்கு அல்லாடியவர் கையில் கிலோக் கணக்கில் சேர்ந்தது. 1937இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பாப்ரிகாவும் குடைமிளகாயும் ஒரே தாவர இனம்.

★ பழுக்கப் பழுக்க என்ன கூடுகிறது?
பச்சைக் காயில் 100 கிராமுக்கு 18 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ; சிவப்பில் 157. ஃபோலேட் பச்சையில் 10 மைக்ரோகிராம், சிவப்பில் 46. சர்க்கரையும் 2.4 கிராமிலிருந்து 4.2 கிராமாக ஏறுகிறது. பிள்ளைகள் பச்சையை ஒதுக்கிவிட்டுச் சிவப்பை மட்டும் பொறுக்கித் தின்பதற்கு அந்த இனிப்புதான் காரணம்.

★ எடை பார்ப்பவர்களுக்கு
100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் 20 கிலோ கலோரிதான். எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். நார்ச்சத்து சுமார் 2 கிராம். வயிற்றை நிரப்பும், கணக்கை ஏற்றாது.

★ கண்ணுக்குள் இருக்கும் மஞ்சள்
விழித்திரையின் நடுவில், எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் பகுதியில், லூட்டீன், ஜியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகள் குவிந்திருக்கின்றன. உடம்பால் இவற்றைத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. ஆரஞ்சு நிறக் குடைமிளகாய் ஜியாசாந்தின் மிகுந்த காய்களில் ஒன்று. கீரைகளில் லூட்டீன் நிறைய. சிவப்புக் குடைமிளகாயின் நிறம் கேப்சாந்தின் என்ற வேறொரு நிறமியால் வருகிறது.

★ சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு
பொட்டாசியம் அளந்து சாப்பிடச் சொல்லப்பட்டவர்களுக்குக் காய்கறிக் கடையே பாதி மூடிவிடும். உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 400 மி.கி.க்கு மேல் பொட்டாசியம். பச்சைக் குடைமிளகாயில் 175 மி.கி., சிவப்பில் 211 மி.கி. அதனால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கான உணவுப் பட்டியல்களில் இதற்கு இடம் கிடைக்கிறது. எவ்வளவு என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நம்மூர்ப் பக்கம்

★ இங்கே ஏன் விளைவதில்லை?
குடைமிளகாய்க்குப் பகலில் 25 முதல் 30 டிகிரி, இரவில் 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி பிடிக்கும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். பிடிக்கும் காயும் சிறுத்துப்போகும். விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் திறந்த வயலில் அது எடுபடாது. மறுமுனையில் கார்த்திகை மழை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. கொட்டித் தீர்த்தது. வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காத செடி இது. வெயில் ஒருபக்கம், வெள்ளம் ஒருபக்கம் என்றிருக்கும் நிலத்தில் கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் நிற்பதுபோல் இது நிற்காது. நிழல்வலை, பசுமைக்குடில் அமைத்தால் வாய்ப்பு உண்டு. இறங்க நினைப்பவர்கள் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துவிட்டு, மானியக் கணக்கையும் சந்தைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து இறங்குவது நல்லது.

★ ஓசூர் காய், செஞ்சி ரோடு
தமிழ்நாட்டில் குடைமிளகாய்க்குப் பேர்போன பகுதி கிருஷ்ணகிரி மாவட்டம். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் ரோஜா வளரும் பசுமைக்குடில்களுக்கு நடுவில் கலர் கேப்சிகமும் காய்த்துத் தொங்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 77, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாக நேராகத் திண்டிவனத்தில் வந்து முடிகிறது. நம் கடையில் விற்கும் குடைமிளகாய்க்கு லாரி வாடகையும் விலையில் சேர்ந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

★ திண்டிவனத்து மல்லாட்டைக்கு இதில் என்ன வேலை?
நிறைய வேலை! குடைமிளகாயின் சிவப்பு, மஞ்சள் நிறமிகள் கொழுப்பில் கரைபவை. எண்ணெய்ப் பசையே இல்லாமல் வெறும் சாலட்டாகச் சாப்பிட்டால் அவற்றில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். கூடவே கொஞ்சம் எண்ணெயோ கடலையோ எள்ளோ இருந்தால் குடல் நன்றாக உறிஞ்சும். இந்த மூன்றுக்கும் திண்டிவனம்தான் முகவரி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. டி.எம்.வி என்று தொடங்கும் மல்லாட்டை, எள் ரகங்களில் அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940இல் வெளிவந்த டி.எம்.வி 2 மல்லாட்டை ஆந்திரா, கர்நாடகா வரை பரவிய ரகம்.

★ செய்து பாருங்கள்: மல்லாட்டைப் பொடி போட்ட குடைமிளகாய்ப் பொரியல்
இரண்டு கைப்பிடி மல்லாட்டையை வெறும் வாணலியில் தோல் கருகி வெடிக்கும்வரை வறுத்து, ஆறியதும் கையால் தேய்த்துத் தோலை ஊதிவிடுங்கள். அதே வாணலியின் சூட்டில் ஒரு தேக்கரண்டி எள், இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு பல் பூண்டு. எல்லாவற்றையும் உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக இடியுங்கள். மிக்சியில் ஓடவிட்டால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். விட்டு விட்டு இரண்டு சுற்று போதும். வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. குடைமிளகாயைக் கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்கி, அடுப்பைப் பெரிதாக வைத்து மூன்று நிமிடம் புரட்டுங்கள். மூடி போட வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஓரம் மட்டும் சுருங்கி, நடுவில் கடித்தால் நறுக்கென்று இருக்கும் பக்குவத்தில் பொடியைத் தூவி இறக்கிவிடுங்கள். ரசம் சாதத்துக்கும் சப்பாத்திக்கும் பொருந்தும்.

★ கூழுக்குத் தொட்டுக்கொள்ள
தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்புச்சத்து எளிதில் ரத்தத்தில் சேராத வடிவில் இருக்கிறது. அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால், அது இரும்பைக் குடல் உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். கம்பில் 100 கிராமுக்குச் சுமார் 6 மி.கி. இரும்பு உண்டு. கூழை இரவு புளிக்க வைப்பது, அந்த இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டையும் குறைக்கும். கம்பங்கூழுக்குச் சின்ன வெங்காயத்தோடு பச்சைக் குடைமிளகாயைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து தொட்டுக்கொண்டால் பொருத்தம் சரியாக அமையும். கவனிக்க வேண்டியது ‘அதே வேளை’ என்பதை. காலையில் கூழ், ராத்திரி குடைமிளகாய் என்றால் அந்த உதவி கிடைக்காது.

★ டீயைத் தள்ளிப் போடுங்கள்
டீ, காப்பியில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். ரத்தசோகைக்கு மாத்திரை சொல்லப்பட்டவர்கள் குடைமிளகாயை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

★ மரக்காணம் உப்பு குறையட்டும்
உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. குடைமிளகாயில் சோடியம் கிட்டத்தட்ட இல்லை. 100 கிராமுக்கு 3, 4 மி.கி.தான். அதற்கென்று தனி வாசனையும் இனிப்பும் இருப்பதால் எலுமிச்சையும் மிளகுத்தூளும் போட்டால் உப்பு பாதி போதும். மரக்காணத்து உப்பளக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

★ மலிவான போட்டியாளர்கள்
வைட்டமின் சி மட்டும்தான் நோக்கம் என்றால் குடைமிளகாயைத் தோற்கடிக்க ஆள் உண்டு. 100 கிராமுக்கு:
நெல்லிக்காய்: 250 மி.கி. அளவில்
கொய்யா: 200 மி.கி.க்கு மேல்
சிவப்புக் குடைமிளகாய்: சுமார் 128 மி.கி.
பச்சைக் குடைமிளகாய்: சுமார் 80 மி.கி.
தக்காளி: சுமார் 14 மி.கி.
தர்பூசணி: சுமார் 8 மி.கி.
கோடையில் திண்டிவனம், மரக்காணம் பக்கம் குவித்து வைத்து விற்கும் தர்பூசணி தாகத்துக்கு நல்லது. வைட்டமின் சி-க்கு அதை நம்ப முடியாது. வைட்டமின் ஏ வேண்டுமா? கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரை, பீட்டா கரோட்டினில் சிவப்புக் குடைமிளகாயைப் பல மடங்கு தாண்டிவிடும்.

★ பச்சை மிளகாய் மட்டும் சளைத்ததா?
எடைக்கு எடை பார்த்தால் பச்சை மிளகாயிலும் வைட்டமின் சி நிறைய. ஆனால் 100 கிராம் யார் தின்பது? குடைமிளகாயின் பலமே, காரம் இல்லாததால் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட முடிகிறது என்பதுதான்.

அடுப்படிக் குறிப்புகள்

★ வேகவைத்துக் கொட்டாதீர்கள்
வைட்டமின் சி சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் இரண்டு வழியிலும் நட்டம். அதிகச் சூட்டில் குறைந்த நேரம் வதக்குவது நல்லது. சாம்பாரில் போடுவதென்றால் பருப்பும் புளியும் கொதித்து முடிந்த பிறகு கடைசியில் போடுங்கள். நறுக்கியதும் சமைத்துவிடுங்கள், முதல்நாள் இரவே நறுக்கி வைப்பது அவசரத்துக்கு வேண்டுமானால் உதவும், சத்துக்கு உதவாது.

★ தோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு
பச்சையாகச் சாப்பிட்டால் சிலருக்கு ஏப்பம், வயிற்று உப்புசம் வரும். தடிப்பான தோல் எளிதில் செரிக்காததும் ஒரு காரணம். சுட்ட கத்தரிக்காய்க்குச் செய்வதுபோல் காயில் எண்ணெய் தடவி, அடுப்புத் தீயில் நேராகக் காட்டித் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் கருத்ததும் ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். தோல் தானாக உரிந்து வரும். உள்ளே இருக்கும் சதை துவையலுக்கு அருமையாக இருக்கும்.

★ வாங்கும்போது
காம்பைப் பாருங்கள். பச்சையாக, விறைப்பாக இருந்தால் புதுசு. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பழசு. தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். காம்புக்குழியில் ஈரமோ வெள்ளைப் பூஞ்சையோ இருந்தால் விட்டுவிடுங்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும்.

★ பாதுகாக்கும்போது
கழுவாமல், ஈரமில்லாமல், ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். இதற்கு 7 டிகிரிக்குக் கீழே நெடுநாள் குளிர் ஆகாது. தோலில் குழி விழும். உறைபெட்டிக்கு ஒட்டிய மேல்தட்டு வேண்டாம். நறுக்கியதை மூடிய டப்பாவில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

★ மருந்து வாசம் போக
பூச்சித் தாக்குதல் அதிகம் உள்ள பயிர் என்பதால் மருந்தடிப்பும் அதிகம். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது முதல் வேலை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் காய்கறி கழுவ லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் கரைத்த புளித்தண்ணீரையும் பரிந்துரைத்திருக்கிறது. அதில் சிறிது நேரம் ஊறவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். காம்புக்குழியில் மருந்தும் மண்ணும் தேங்கும். நறுக்கும்போது அந்த வட்டத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். தோலைத் தாண்டி உள்ளே இறங்கிய மருந்தை எந்தத் தண்ணீராலும் எடுக்க முடியாது.

உண்மையா, புரளியா?

★ ‘தினமும் சாப்பிட்டால் சளியே பிடிக்காது’
அப்படிச் சொல்ல முடியாது. வைட்டமின் சி மாத்திரையை வைத்து நடந்த பல சோதனைகளைத் தொகுத்து 2013இல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கையின்படி, பொதுமக்களுக்குச் சளி பிடிப்பதை அது தடுப்பதில்லை. தொடர்ந்து எடுத்து வந்த பெரியவர்களுக்குச் சளி இருக்கும் நாள்கள் சுமார் 8 விழுக்காடு குறைந்தன. ஒரு வாரச் சளியில் அரைநாள் மிச்சம், அவ்வளவுதான்.

★ ‘சர்க்கரை நோயாளிகள் இனிப்பான சிவப்பைத் தொடக் கூடாது’
தொடலாம். 100 கிராமில் 4 கிராம் சர்க்கரை என்பது பயப்படும் அளவல்ல. பயப்பட வேண்டியது அதோடு சேர்ந்து வரும் ஃப்ரைடு ரைஸும் நூடுல்ஸும்தான். தட்டில் சோற்றின் அளவைக் குறைத்துப் பொரியலைக் கூட்டினால் குடைமிளகாய் உங்கள் பக்கம்.

★ ‘மூட்டுவலி இருந்தால் கத்தரிக் குடும்பமே ஆகாது’
இதற்கு உறுதியான சான்று இல்லை. சாப்பிட்ட பிறகு வலி கூடுவதாகத் தோன்றினால் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வித்தியாசம் தெரியாவிட்டால் ஒதுக்கத் தேவையில்லை.

★ ‘நடுக்குவாதத்துக்கு மருந்து’
இது எங்கிருந்து வந்தது? வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாகப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்ட 490 பேரையும் நோய் இல்லாத 644 பேரையும் ஒப்பிட்டார்கள். மிளகாய் வகைக் காய்களை அடிக்கடி சாப்பிட்டவர்களிடம் நோய் குறைவாகத் தெரிந்தது. இந்தக் குடும்பத்துக் காய்களில் மிகமிக நுண்ணிய அளவில் இருக்கும் நிகோட்டின் காரணமாக இருக்கலாம் என்று யூகித்தார்கள். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது வரைதான் செய்தி. ஒன்று மற்றதைத் தடுத்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. மருந்து என்று சொல்வதற்கு இடமே இல்லை.

★ ‘ஃப்ரைடு ரைஸில்தான் நிறைய கேப்சிகம் இருக்கிறதே!’
விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் ஒரு தட்டு வாங்கி, குடைமிளகாயை மட்டும் பொறுக்கி ஓரமாக வைத்துப் பாருங்கள். தீக்குச்சி கனத்தில் ஏழெட்டுத் துண்டு தேறும். அதன் பெயரைச் சொல்லி உள்ளே போவது எண்ணெயும் உப்பும் சோறும். மிளகாய் பஜ்ஜிக்கும் இதே தீர்ப்புதான்.

★ ‘புற்றுநோய் வராது’
எந்தத் தனிக் காய்க்கும் அந்தச் சக்தி கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது காய்கறி, பழம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராம். அந்த 400இல் குடைமிளகாய் ஒரு பங்கு.

வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம். சத்துக்காக என்றால் விலை குறைந்த பச்சையே போதும். ஒரு நாள் வைட்டமின் சி-க்கு அது தாராளம். சிவப்பு, மஞ்சள் எல்லாம் விருந்தாளி வரும் நாளுக்கும் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கும். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு காய், இரண்டு பிடி மல்லாட்டை, மூன்று நிமிட அடுப்பு. விலை எகிறிய வாரத்தில் உழவர் சந்தையில் கொய்யாவும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு தைரியமாக வீட்டுக்கு வாருங்கள்; உடம்புக்கு எந்தக் குறையும் வராது.